பொன்ஸு சாஸ்: பழச்சாற்றை அடுப்பில் ஏற்றாதீர்கள்

ஜப்பானில் குளிர்காலம் வந்துவிட்டால், கொதிக்கும் சட்டியை நடுவில் வைத்துக் குடும்பமே சுற்றி உட்கார்ந்துவிடும். வெந்த இறைச்சியையும் கீரையையும் எடுத்து, ஆளுக்கொரு கிண்ணத்தில் இருக்கும் பொன்ஸுவில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். புளிப்பு, உப்பு, கொஞ்சம் இனிப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் பழவாசனை மூக்கில் ஏறும். அந்த வாசனைக்காகவே இதை வீட்டில் செய்யலாம்.

தேவையானவை: பழச்சாறு 100 மி.லி., ஜப்பானிய சோயா சாஸ் 100 மி.லி., மிரின் (இனிப்பான அரிசி மது) 50 மி.லி., அரிசி வினிகர் 1 மேசைக்கரண்டி, கொம்பு என்கிற காய்ந்த கடற்பாசி 5 செ.மீ. துண்டு, கட்ஸுவோபுஷி ஒரு கைப்பிடி.

கட்ஸுவோபுஷி என்றதும் மிரள வேண்டாம். நம் மாசிக்கருவாட்டுக்கு அது நெருங்கிய உறவு. இரண்டுமே சூரை மீனை அவித்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைத்துச் செய்வதுதான். ஜப்பானில் அதைக் காகிதம் போல மெலிதாகச் சீவி விற்கிறார்கள். சைவமாக வேண்டுமென்றால் இரண்டு காய்ந்த ஷீட்டாகே காளான் போடுங்கள்.

இனி பழம். எலுமிச்சை இனத்துப் பழம்தான் வேண்டும். ஜப்பானின் கொச்சி மாநிலத்தில் யூஸு, தொகுஷிமாவில் ஸுதாச்சி, ஒயிதாவில் கபோஸு என்று அங்கே ஊருக்கு ஊர் பழம் மாறும். எனக்கு யூஸுதான் பிடிக்கும். விதை அதிகம், சாறு குறைவு, ஆனால் தோலின் மணத்துக்கு ஈடே இல்லை. கிடைக்காதவர்கள் எலுமிச்சைச் சாறு 70, ஆரஞ்சுச் சாறு 30 மி.லி. சேர்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை மட்டும் போட்டால் புளிப்பு குத்தும்.

பழத்தைக் குறுக்கே வெட்டி, தோல் பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துப் பிழியுங்கள். தோலின் எண்ணெயும் சாற்றோடு இறங்கும். கடைசிச் சொட்டு வரை நசுக்க வேண்டாம், உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும்.

அடுத்து, மிரினைச் சின்னப் பாத்திரத்தில் ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். அதில் 14 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் உண்டு, ஆவியில் தீ பற்றலாம், முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். இறக்கியதும் நன்றாக ஆறட்டும். அவசரப்பட்டுச் சூட்டிலேயே சாற்றை ஊற்றினால் வாசனை ஆவியோடு போய்விடும். அப்புறம் எதைச் சேர்த்தாலும் திரும்பாது.

கொம்பின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது பூஞ்சை இல்லை, சுவை. கழுவாமல் ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். 1908இல் கிகுனாயே இகெடா என்ற வேதியியலாளர் குளுட்டமேட் என்ற சுவைப்பொருளைப் பிரித்தெடுத்து, அதன் ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தது இந்தக் கொம்பிலிருந்துதான்.

சரி, எல்லாவற்றையும் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி, ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் வையுங்கள். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சீவலைப் பிழிந்தால் சாஸ் கலங்கி, மீன் வாடை தூக்கலாகிவிடும், தானாகச் சொட்டட்டும்.

உடனே ருசி பார்த்தால் உப்பு தனியாக, புளிப்பு தனியாகத் தெரியும். மூன்று நாள் விட்டுப் பாருங்கள், ஒன்றோடொன்று கூடியிருக்கும். ஃப்ரிட்ஜிலேயே வைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

சுட்ட மீனுக்கு வெள்ளை முள்ளங்கியைத் துருவிப் போட்டு மேலே ஊற்றுங்கள். சட்டிச் சாப்பாட்டுக்குச் சுவை தூக்கலாகப் பட்டால், சட்டியில் கொதிக்கும் சாற்றிலிருந்தே ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் விட்டுக்கொள்ளலாம்.