டிமென்ஷியா என்று சொல்லும்போது குடும்ப மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரின் அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ கிளினிக் நடத்தும் குடும்ப மருத்துவரிடம் யாரும் "டிமென்ஷியாவா பாருங்கள்" என்று, ஞாபகமும் சிந்திக்கும் திறனும் படிப்படியாகக் குறையும் அந்த நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை எழுதி வாங்க வந்த பெரியவரின் பின்னால் நின்றுகொண்டு மகன் சொல்வார்: "அப்பா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், டாக்டர்." "வயதானால் அப்படித்தான்" என்று சிரித்து அனுப்பிவிடுவது முதல் தவறு. அந்த ஒரு வரியால் சில குடும்பங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளை இழக்கின்றன.

அவசரப்பட்டுப் பெயர் சூட்டுவதும் அதே அளவுக்குத் தவறு. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகளும் அலர்ஜி மாத்திரைகளும், கீழே விழுந்த சில வாரங்களில் மண்டைக்குள் தேங்கும் ரத்தம் ஆகிய எல்லாமே மறதியாக வெளிப்படலாம். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரண்டே நாளில் திடீரென்று குழம்பிப்போனவருக்குச் சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பரிசோதனையில் நடக்கும் கோளாறு இந்த நகரத்துக்கே உரியது. ஞாபகத்தையும் சிந்தனையையும் கேள்வி கேட்டு அளக்கும், 30 மதிப்பெண் கொண்ட எம்.எம்.எஸ்.இ. தேர்வில் 10 மதிப்பெண் நாள், இடம் பற்றிய கேள்விகளுக்குப் போகிறது. கணவர் இறந்த பிறகு தஞ்சாவூரிலிருந்து மகனின் ஒயிட்ஃபீல்டு அடுக்ககத்துக்கு வந்து சேர்ந்த அம்மாவிடம் "இது எந்த மாவட்டம், எத்தனையாவது மாடி?" என்று கேட்டால் என்ன சொல்வார்? லிஃப்டில் அழைத்து வந்தார்கள், வந்தார். மாதம் கேட்டால் "கார்த்திகை" என்பார். நவம்பர் கடைசியில் அது முழுக்கச் சரியான பதில்; தாளில் உள்ள விடையோடு ஒப்பிட்டுத் தவறு போட்டுவிடுகிறார்கள். கேள்வி கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருந்து, மகன் மொழிபெயர்த்தால் இன்னும் மோசம். சில மகன்கள் விடையையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார்கள், சிலர் "இதுகூடத் தெரியவில்லையா, அம்மா?" என்று அதட்டுகிறார்கள். தமிழ் தெரிந்த நர்ஸ் பெங்களூரில் கிடைக்காத ஆள் அல்ல. அவரைக் கேட்கச் சொல்லலாம். ரசத்துக்குப் புளி அளவு மாறுகிறதா, காய்கறிக்காரரிடம் சில்லறை எண்ணி வாங்குகிறாரா என்று வீட்டு வேலையை வைத்து விசாரித்தால் மதிப்பெண்ணைவிட அதிகம் தெரியும்.

முடிவு உறுதியான பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் கோபம் தருவது. பெரியவரை "வெளியே உட்காருங்கள், ஐயா" என்று அனுப்பிவிட்டு மகனிடம் மட்டும் சொல்கிறார்கள். பல சமயம் மகனே, "அவரிடம் சொல்லாதீர்கள், தாங்க மாட்டார்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறார். அந்தப் பாசத்தைச் சந்தேகிக்க வேண்டாம், ஆனால் மருத்துவர் அதற்கு அப்படியே உடன்படக் கூடாது. "உங்கள் ஞாபகத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பரிசோதனையில் தெரிந்ததைச் சொல்லட்டுமா? சொல்லும்போது யார் பக்கத்தில் இருக்க வேண்டும்?" என்று நோயாளியிடமே கேட்க வேண்டும். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு ஏதோ சரியில்லை என்பது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். கதவுக்கு வெளியே உட்கார வைத்தால் பயம்தான் கூடும். தெரிய வேண்டாம் என்று அவரே சொன்னால் அதையும் மதிக்கத்தான் வேண்டும்.

"கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி" என்று பூசி மெழுகுவதும் உதவாது. நோய் என்று புரியாத வீட்டில் பெரியவர் வேண்டுமென்றே அடம் பிடிப்பதாகத் திட்டு விழும்.

சனிக்கிழமை காரில் அழைத்து வரும் மகனே பராமரிப்பவர் என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. குளிப்பாட்டுவது யார், இரவில் எழுந்து கதவைத் திறப்பவரைப் பிடித்து நிறுத்துவது யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மருமகளோ மனைவியோதான். அடுத்த முறை அவரையும் வரச் சொல்லி, நோயாளி இல்லாத நேரத்தில் பத்து நிமிடம் அவரோடும் பேச வேண்டும். தூக்கமில்லாமல் கண் சிவந்து நிற்பவருக்கு, பெரியவர் இரவில் எழுந்து கதவைத் திறப்பதும் ஒரு நோய்க்குறி என்று தெரிந்தாலே பாதிச் சண்டை குறையும்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு எல்லைகளுக்கும் போகிறார்கள். "ஒன்றும் செய்ய முடியாது" என்று கைவிரிப்பவர் உண்டு, டோனிபெசில் எழுதிக்கொடுத்து "சரியாகிவிடும்" என்பவரும் உண்டு. அந்த மருந்து சிலருக்கு அறிகுறிகளை ஓரளவு தணிக்கும், நோயை நிறுத்தாது. குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம், நாடித்துடிப்பு குறையலாம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டவும் கூடாது. பெயரைக் கேட்டதும் பலருக்கு அதற்குப் பிறகு சொன்னது எதுவும் காதில் விழுவதில்லை. இரண்டு வாரத்தில் இன்னொரு நாள் குறித்துக்கொடுத்து, அன்று அவர்களையே கேள்வி கேட்க விடலாம். போகும்போது ஒரு சீட்டில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிமான்ஸ் மருத்துவமனை, டிமென்ஷியா பராமரிப்பு நடத்தும் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட், தமிழிலும் பேசக்கூடிய அரசு மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 ஆகியவற்றை எழுதிக்கொடுங்கள். தமிழில் எழுதினால் இன்னும் நல்லது.

பணப் பேச்சை மருத்துவர்கள் தங்கள் வேலை இல்லை என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் அதற்குக் காலக்கெடு இருப்பது அவர்களுக்குத்தான் தெரியும். உயில் எழுதுபவருக்குத் தெளிந்த புத்தி இருக்க வேண்டும். அப்பா எழுதிக்கொடுத்த பொது அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எப்போதும் செல்லும் என்று பல குடும்பங்கள் நம்பியிருக்கின்றன. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக்கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துபோகிறது. அதன் பிறகு வங்கிக் கணக்குக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். அவருக்கு இன்னும் தெளிவு இருக்கும்போதே, இரண்டாவது சந்திப்பில், அவர் முன்னாலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.