லேப்டாப் மெதுவாகச் சார்ஜ் ஏறுகிறதா? வைரஸைத் தேடுமுன் அணைத்துப் பாருங்கள்

வைரஸால் சார்ஜரிலிருந்து வரும் மின்சாரத்தைக் குறைக்க முடியாது. பிராசஸரை ஓயாமல் ஓடவிட்டு, வருவதைத் தின்று தீர்க்கத்தான் முடியும். 65 வாட் சார்ஜரில் லேப்டாப்பே 45 வாட் இழுத்தால் பேட்டரிக்கு மிஞ்சுவது 20 வாட்தான். அணைத்த லேப்டாப்பில் வைரஸ் ஓடாது என்பதால், பழுது எந்தப் பக்கம் என்று பிரிப்பது எளிது. கீழே உள்ளவை விண்டோஸ் 11-க்கான படிகள்.

படி 1: அரை மணி நேரச் சோதனை

பேட்டரி 30 சதவீதத்துக்கு வந்ததும் ஷட் டவுன் செய்யுங்கள். மூடியை மட்டும் சாத்தினால் போதாது. 30 நிமிடம் சார்ஜ் போட்டு, எத்தனை சதவீதம் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி 30-க்கு இறங்கியதும், இந்த முறை லேப்டாப்பை ஆன் செய்து வைத்தே 30 நிமிடம். 80-க்கு மேல் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே எந்த லித்தியம் பேட்டரியும் மெதுவாகத்தான் ஏறும்.

அணைத்திருந்தும் மெதுவென்றால் படி 2, 3. ஆன் செய்திருக்கும்போது மட்டும் மெதுவென்றால் நேரே படி 4.

படி 2: சார்ஜர், கேபிள்

சார்ஜரின் அடியில் ‘அவுட்புட்’ வரியைப் பாருங்கள். 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்க வேண்டியதுதான்: 65 வாட். பலரும் மேலே உள்ள ‘இன்புட்’ வரியைப் (100–240 வோல்ட்) பெருக்கிக் குழம்புவார்கள். லேப்டாப்போடு வந்தது 65 வாட், இப்போது மாட்டியிருப்பது 45 வாட் என்றால் காரணம் கிடைத்துவிட்டது.

டைப்-சி என்றால் கேபிளும் முக்கியம். உள்ளே அடையாளச் சிப் இல்லாத கேபிளில் 3 ஆம்பியர்தான் போகும். 20 வோல்ட்டில் அது 60 வாட். 100 வாட் சார்ஜர் வாங்கி, இப்படிச் சிப் இல்லாத கேபிளில் மாட்டினால் முழுப் பயன் கிடைக்காது. இரண்டு டைப்-சி போர்ட் இருந்தால் இரண்டிலும் மாட்டிப் பாருங்கள். சிலவற்றில் ஒன்று தரவுக்கு மட்டும்.

படி 3: பேட்டரி

60 அல்லது 80 சதவீதத்தில் அப்படியே நின்றால் அது பழுதல்ல. லெனோவோ வான்டேஜ், மைஏசஸ் போன்ற செயலிகளில் பேட்டரியைக் காக்கும் வரம்பு ஆனாகியிருக்கும்.

அடுத்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள் (‘பவர்’ என்ற சொல்லோடு சி, எஃப், ஜி ஒட்டி வரும்). ஓர் அறிக்கை சேமிக்கப்பட்டு, அதன் இடம் திரையில் வரும். அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு) 41,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போதைய கொள்ளளவு) 24,600 என்றிருந்தால், 60 சதவீத உயிர்தான் மிச்சம். டச்பேட் மேலே எழும்பி, கிளிக் ஆக மறுத்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜரைக் கழற்றிவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது.

படி 4: தின்பது யார்?

எல்லாச் செயலிகளையும் மூடிவிட்டு, கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ‘சிபியு’ (பிராசஸர்) தலைப்பைக் கிளிக் செய்யுங்கள். ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’ மேலே வந்தால் பதற வேண்டாம். அது விண்டோஸின் காவல்காரர்தான். அறிமுகமில்லாத பெயர் பத்து நிமிடமாகியும் இறங்காமல் நின்றால், ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்’. ‘டெம்ப்’ ஃபோல்டரில் இருந்து ஓடினால் சந்தேகப்படலாம்.

ஒரு தந்திரம் உண்டு. திருட்டுத்தனமாக கிரிப்டோ சுரங்கம் ஓட்டும் (உங்கள் பிராசஸரை உழைக்கவைத்து வேறொருவருக்கு டிஜிட்டல் நாணயம் சேர்க்கும்) சில நிரல்கள், டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் பதுங்கிவிடும். சும்மா இருக்கும் லேப்டாப்பில் விசிறி இரைகிறது, டாஸ்க் மேனேஜர் திறந்ததும் அடங்குகிறது, மூடினால் மறுபடி இரைகிறது என்றால் காதையே நம்புங்கள்.

படி 5: ஆஃப்லைன் ஸ்கேன்

வேலைகளைச் சேமித்துவிட்டு, சார்ஜரை மாட்டி, விண்டோஸ் செக்யூரிட்டி → வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் → ஸ்கேன் ஆப்ஷன்ஸ் → மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் ஆஃப்லைன். லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறுமுன்பே சுமார் 15 நிமிடம் தேடும். ஒளிந்திருக்கும் நிரலுக்கு அப்போது ஓடிப் பதுங்க வழியில்லை. முடிவு ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யில் இருக்கும். பிறகு படி 1-இன் இரண்டாம் பாதியை மறுபடி செய்து, எண்ணை ஒப்பிடுங்கள்.

இதற்கிடையே, பிரவுசரில் ‘உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணுக்கு அழைக்கவும்’ என்று வந்தால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் வராது. அந்த டேப் மூட மறுத்தால், டாஸ்க் மேனேஜரில் பிரவுசரைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்தால் போதும்.