பெங்களூருவின் இசைப் பப்களில் முதல் இரவு: மதுரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கான செய்முறை விளக்கம்

மதுரையிலிருந்து வேலைக்கும் நேர்காணலுக்கும் பெங்களூரு போய்வரும் இளைஞர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, சனிக்கிழமை இரவில் அங்கே எந்தப் பப்புக்குப் போகலாம் என்பதுதான். எந்தப் பப் என்று தொடங்குவதைவிட, அன்றைக்கு யார் வாசிக்கிறார்கள் என்று தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. இடத்தை முடிவு செய்துவிட்டுப் போனால் அங்கே என்ன ஒலிக்கிறதோ அதைக் கேட்டுவிட்டு வரவேண்டியதுதான். வாசிப்பவரை முடிவு செய்துவிட்டுப் போனால், இடம் தானாக அமைவதோடு வாசலில் வரக்கூடிய தொல்லைகளில் பாதியும் தீர்ந்துவிடும். ரயில் சீட்டு எடுப்பதும் விடுதியில் அறை பதிவதும் உங்களுக்குத் தெரிந்த வேலைகள் என்பதால் அவற்றை இங்கே விளக்கவில்லை. கர்நாடகப் பப்களில் 21 வயது நிரம்பியவர்களுக்கே மது தருவார்கள் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படி 1: நிகழ்ச்சியைத் தேடுங்கள்

கூகுள் வரைபடத்தில் உள்ள நட்சத்திரங்களை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை. அவை பெரும்பாலும் சிக்கன் சுவையையும் வண்டி நிறுத்தும் வசதியையும் பற்றியவை. மேடையைப் பற்றி அவற்றிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. சுயாதீன இசைக்குழுக்களுக்கு ஸ்கில்பாக்ஸ், பெரிய நிகழ்ச்சிகளுக்கு டிஸ்ட்ரிக்ட், புக்மைஷோ ஆகிய சீட்டு விற்கும் செயலிகள் போதும். அதன்பின் அந்தந்தப் பப்பின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அந்த வாரச் சுவரொட்டியைப் பாருங்கள். அதில் ‘லைவ்’ என்று இருந்தால் ஆட்கள் மேடையில் வாசிப்பார்கள். ‘டிஜே நைட்’ என்றால் பதிவு செய்த பாட்டுகள்தான். ‘டிரிப்யூட்’ என்றால் புகழ்பெற்ற ஒருவரின் பாடல்களை வேறொரு குழு வாசிக்கும். புதியவர்கள் ‘லைவ்’ நிகழ்ச்சியில் தொடங்குவது நல்லது; டிஜே இரவில் ஆடத் தெரியாதவனுக்குக் கைகால்களை என்ன செய்வதென்றே விளங்காது.

எல்லாப் பப்பிலும் மேடை இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். நேரடி இசைக்கும் நடனத்துக்கும் காவல்துறையின் தனி உரிமம் வேண்டும் என்ற 2005ஆம் ஆண்டின் பெங்களூரு நகர ஆணையை, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று உறுதி செய்தது. அதையடுத்து நகரின் பல பப்களில் மேடை இசை நின்றுபோனது. ஆகவே, சுவரொட்டி இருந்தாலும் முந்தின நாள் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, நிகழ்ச்சி உண்டா, எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இடங்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. ரெஸ்ட் ஹவுஸ் சாலையில் 1989 முதல் இருந்துவரும் பெக்கோஸ், பழைய ராக் இசைக்குப் பேர்போன பப். குறுகலான படியேறிப் போய் மரப்பலகையில் உட்கார வேண்டிய இடம்; பளபளப்பு எதுவும் கிடையாது. அங்கே ஒலிப்பது பதிவு செய்த இசைதான் என்றாலும், கூச்சம் தெளிவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. வொயிட்ஃபீல்டு பக்கம் உள்ள விண்ட்மில்ஸ் கிராஃப்ட்வொர்க்ஸ் இதற்கு நேர்மாறானது. ஜாஸ் இசைக்கென்றே அரங்கு கட்டியிருக்கிறார்கள். அங்கே வாசிக்கும்போது பேசாமல் கேட்கத் தெரிய வேண்டும். இந்திராநகர் நூறடிச் சாலையும் அதையொட்டிய பன்னிரண்டாவது மெயின் சாலையும் கூட்டமும் சத்தமும் விரும்புகிறவர்களுக்கானவை.

படி 2: எங்கே இறங்குவது, எங்கே தங்குவது

2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கப்பட்ட மதுரை–பெங்களூரு வந்தே பாரத் விடியற்காலையில் கிளம்பிப் பிற்பகலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பெரும்பாலோர் கடைசி நிலையமான கன்டோன்மென்ட் வரை போய் அங்கே ஆட்டோவுக்குப் பேரம் பேசுகிறார்கள். அதற்கு முந்தைய நிறுத்தமான கிருஷ்ணராஜபுரத்திலேயே இறங்கிவிட்டால், பக்கத்திலேயே ஊதா வழித்தட மெட்ரோ இருக்கிறது. அதில் ஏறினால் நான்காவது நிலையம் இந்திராநகர். இரவு பேருந்தில் வருவதானால் மாட்டுத்தாவணியில் ஏறி விடியற்காலையில் மடிவாளாவில் இறங்கலாம், ஆனால் அன்று பகல் முழுக்கத் தூங்காமல் இரவில் இசை கேட்க உட்கார்ந்தால் கொட்டாவிதான் மிஞ்சும்.

அறையை நிகழ்ச்சி நடக்கும் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எடுங்கள். சொந்தக்காரர் வீடு இலவசம் என்பதற்காக ஊரின் மறுகோடியில் தங்கினால், மிச்சம் பிடித்த பணம் நள்ளிரவு ஆட்டோவுக்கே போய்விடும். சில லாட்ஜ்களில் இரவு பதினொரு மணிக்கு வாசலைப் பூட்டிவிடுவார்கள் என்பதால், அதையும் பதியும்போதே கேட்டுவிடுங்கள்.

படி 3: வாசல்

புதியவர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு மேல் ஆண்கள் நான்கைந்து பேர் சேர்ந்து போய் நின்றால், “சார், கப்பிள்ஸ் என்ட்ரி மட்டும்தான்” என்று பவுன்சர் நல்ல தமிழிலேயே சொல்லித் திருப்பி அனுப்பக்கூடும். பெண் துணையில்லாமல் வரும் ஆண்களை ‘ஸ்டேக்’ (stag) என்கிறார்கள். அவர்களை விடுவதா, கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு விடுவதா, முற்றிலும் மறுப்பதா என்பது அந்தந்த இடத்தின் விருப்பம், அதுவும் நாளுக்கு நாள் மாறும். வாசலில் நின்று வாதாடி உள்ளே போனவர் எவரையும் நான் பார்த்ததில்லை. இதற்கு நம்பகமான வழி, சீட்டு விற்கும் நிகழ்ச்சிக்கு முன்கூட்டியே சீட்டு வாங்கிக்கொண்டு போவதுதான். வாசிப்பவரைக் கேட்க வந்தவர் என்று ஆனபின், துணையோடு வந்தீர்களா என்ற கேள்வி பெரும்பாலும் எழாது. இருந்தாலும் சீட்டின் நிபந்தனைகளில் ‘ஸ்டேக்’ என்ற சொல் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ‘கவர் சார்ஜ்’. மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியில் நுழைவுச் சீட்டு வேறு, ராட்டினச் சீட்டு வேறு. இங்கே கவர் என்பது அவ்விரண்டும் கலந்த ஒரு சீட்டு. வாசலில் கொடுக்கும் தொகை முழுவதையும் உள்ளே சாப்பாட்டிலும் குடிப்பிலும் கழித்துக்கொள்ளலாம் என்றால் அது கவர். திரும்ப வராது என்றால் அது வெறும் நுழைவுக் கட்டணம். இரண்டு பேருக்கு 2000 ரூபாய் கவர் கட்டி 1700 ரூபாய்க்கு மட்டும் சாப்பிட்டால், மீதி 300 ரூபாய் அன்றிரவோடு போய்விடும். அடுத்த வாரம் வந்து கேட்க முடியாது. எனவே பணம் கொடுக்கும்முன் மூன்றைக் கேளுங்கள்: முழுத் தொகையும் கழியுமா, சாப்பாட்டுக்கும் பொருந்துமா, வரி அதிலேயே அடங்குமா. கேட்பதில் வெட்கம் எதுவும் வேண்டாம், அந்த ஊர்க்காரர்களும் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

உடையில் செருப்பும் அரைக்கால் சட்டையும்தான் ஆண்களுக்குத் தடை. முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் போதும். வேட்டியோடு போகலாமா என்று நம் ஊர்க்காரர் கேட்பார் என்று தெரியும். பொது இடங்களிலும் கிளப்களிலும் வேட்டிக்குத் தடை போடக்கூடாது என்று 2014இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது, ஆனால் அது ஒசூரோடு நின்றுவிடும். பெங்களூருவிலும் 2024 ஜூலையில், வேட்டி கட்டிய விவசாயி ஒருவரை ஒரு வணிக வளாகம் உள்ளே விட மறுத்த விவகாரம் சட்டமன்றம் வரை போய், அந்த வளாகத்தை ஒரு வாரம் மூடவைத்தது. நியாயம் வேட்டியின் பக்கம்தான். இருந்தாலும் ஏழு மணிநேரத்துக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து வந்தது இசை கேட்கத்தானே.

படி 4: உள்ளே

நிகழ்ச்சி தொடங்க அரைமணி நேரம் முன்பே போய், மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு மேசையைப் பிடியுங்கள். ஸ்பீக்கருக்கு நேரெதிரே உட்கார வேண்டாம். திருவிழாக் குழாய் ஒலிபெருக்கிகளுக்குக் கீழேயே வளர்ந்தவர்கள் நாம், நம் காது எதையும் தாங்கும் என்று சொல்வது வீம்பு. இத்தகைய இடங்களில் பதினைந்து நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரம்பு வகுத்தது. மூடிய கூடத்தில் டிரம்ஸ் உச்சத்துக்குப் போகும்போது அந்த வரம்பு வெகுதூரத்தில் இருக்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைப்பஞ்சுக் காதடைப்பானை விரல்களால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதுமடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது உள்ளே விரியும்வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா காதின் வாயிலில் ஒட்டிவைத்தால் பாதிகூடப் பயன் இல்லை. பாட்டு அப்போதும் தெளிவாகக் கேட்கும். மறுநாள் காதில் வரும் ரீங்காரம் மட்டும் இராது.

மொட்டைமாடிப் பப் ஆனால் பத்து மணிக்கு இசை திடீரென்று தணியும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதுதான் காரணம். பத்துக்கு மேலும் கேட்க விரும்பினால் மூடிய கூடத்தையே தேர்ந்தெடுங்கள்.

பில் வந்ததும் வரிவரியாகப் பாருங்கள். சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. பெரிய நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கும் இடம் என்றால் 18 சதவீதம். மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ‘சர்வீஸ் சார்ஜ்’ என்பது வரி அல்ல. அதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற 2022ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்திருக்கிறது. வேண்டாம் என்று அமைதியாகச் சொன்னால் நீக்கிவிடுவார்கள். கவனித்தவர் நன்றாகக் கவனித்திருந்தால் அவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.

படி 5: திரும்புதல்

பப்கள் இரவு ஒரு மணிக்கு மூடும். மெட்ரோ அதற்கு முன்பே, பதினொரு மணியை ஒட்டி ஓய்ந்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வருவதால் ஒரு மணிக்கு வண்டி கிடைப்பது கடினம் என்பதை மனத்தில் வைத்து, பன்னிரண்டரைக்கே கிளம்பிவிடுங்கள். ஆட்டோவுக்கு நான் நம்ம யாத்ரி செயலியைத்தான் பயன்படுத்துகிறேன். இரவு 10 முதல் காலை 5 வரை மீட்டருக்கு மேல் பாதி, அதாவது ஒன்றரை மடங்கு என்பது அரசே வைத்த கணக்கு, அதைக் கேட்டால் சண்டை போடாதீர்கள். சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போடவே கூடாது. கீழவாசலில் நள்ளிரவு தாண்டியும் பரோட்டாக் கல் காய்ந்துகொண்டிருக்கும் ஊரிலிருந்து போகிறவர்கள் அங்கே பட்டினியாகத்தான் படுக்கிறார்கள்.

பின்னர் சேர்த்தவை

திருமங்கலத்து வாசகர் ஒருவரை, ஆதாரின் திரைப்பிடிப்பைக் காட்டியதற்காக வாசலில் நிறுத்திவிட்டார்களாம். படமாக எடுத்து வைத்திருப்பது செல்லாது. டிஜிலாக்கர் செயலியை அவர்கள் எதிரிலேயே திறந்து காட்டினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அசல் ஓட்டுநர் உரிமத்தைக் கையில் வைத்திருப்பது இன்னும் பாதுகாப்பு.

தனியாகப் போகலாமா என்று ஒரு பெண் வாசகர் கேட்டிருந்தார். சீட்டு உள்ள, உட்கார்ந்து கேட்கும் ஜாஸ் அல்லது அகூஸ்டிக் (மின்னிசைக் கருவிகள் இல்லாத) நிகழ்ச்சிக்குத் தாராளமாகப் போகலாம். கோப்பையை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போனால், திரும்பி வந்ததும் அதைக் குடிக்காமல் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இது ஆண்களுக்கும் சேர்த்துத்தான்.

குடிக்காதவர்கள் என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். எலுமிச்சைச் சோடாவோடு இரவு முழுக்க உட்காரலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். கவர் இல்லாத நிகழ்ச்சியாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மது வாடையே வேண்டாம் என்றால் தோம்லூரில் உள்ள பெங்களூரு இன்டர்நேஷனல் சென்டரில் மாலை வேளைகளில் நல்ல இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன, பலவற்றுக்குக் கட்டணமே இல்லை. இணையத்தில் பெயர் பதிந்துவிட்டு, இடம் நிரம்புவதற்குமுன் போய்விட வேண்டும்.