பேரீச்சை உருண்டைக்கு முதலில் கடலையை அரையுங்கள்

பேரீச்சை உருண்டை பிடிக்கும்போது பழத்தை முதலில் மிக்சியில் போடாதீர்கள். வறுத்துத் தோல் புடைத்த கடலைக்காய்ப் பருப்பை, நன்றாக ஆறியதும், விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்துக்குப் பொடியுங்கள். அப்புறம் கொட்டை எடுத்த பேரீச்சையைக் கிள்ளிப் போட்டு நாலைந்து சுற்று, போதும். பொடி பழத்தின் மேல் ஒட்டிக்கொள்வதால் பிளேடில் பசை மாதிரி சுற்றாது, மோட்டாரும் திணறாது. கடலை சூடாக இருந்தால் எண்ணெய் கக்கி எல்லாம் களியாகிவிடும். இனிப்பு பழத்திலேயே இருக்கிறது, நாட்டுச்சர்க்கரை எதற்கு? காங்கேயம் பக்கத்துக் கொப்பரை கிடைத்தால் ஒரு கைப்பிடி துருவிச் சேர்க்கலாம்; பச்சைத் தேங்காய் என்றால் சீக்கிரம் ஊசிப்போகும். வாழைப்பழம், பலாச்சுளை போன்ற ஈரப் பழங்களுக்கு இது ஒத்துவராது. பாகில் ஊறிய பேரீச்சைக்கும்தான்.