தனுஷ்கோடி மணல்முனையை அளப்பது எப்படி

தனுஷ்கோடி மணல்முனையின் நுனியான அரிச்சல்முனைக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரு கரையையும் கடல் வற்றிய நேரத்தில், ஒரே நாளில் அளந்துவிடுங்கள். மணல் நுனி நகரும் என்பதால் தார்ச்சாலை முடியும் இடமே தொடக்கப்புள்ளி.

1.5 மீட்டர் கம்பு இரண்டு, அவற்றின் இடைவெளிக்கு 2 மீட்டர் கயிறு போதும். கம்புகளில் உச்சியிலிருந்து கீழாகச் சென்டிமீட்டர் கோடு போடுங்கள். கடல்பக்கக் கம்பின் உச்சியும் தொடுவானமும் நேர்கோட்டில் வரும்படி பார்த்தால், கரைப்பக்கக் கம்பில் கண் நிற்கும் எண்தான் அந்த 2 மீட்டர் தூரத்தின் சரிவு. ஈரமணலில் கம்பு புதைந்து கணக்குக் கெடும்; இரண்டுக்கும் ஒரே கனத்தில் பலகை வையுங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்றுக்குப் பின்னும் வடகிழக்குப் பருவத்துக்குப் பின்னும் அளக்காவிட்டால் பருவ மாற்றத்தையே அரிப்பு என்று எழுதிவிடுவீர்கள்.

இராவணன் மீசைப் புல்லையும் அடப்பங்கொடியையும் தயவுசெய்து மிதிக்காதீர்கள். மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். குடிநீருக்காக மணலில் தோண்டும் ஊற்றுக்குழியில் உப்புநீரின்மேல் நன்னீர் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஆழத் தோண்டினால் உப்பேறிவிடும்.