அட்டவணையின் அகலம் சிறுகோடுகளில் இருக்கிறது

எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன் முறையில் எழுதிய ஆய்வேட்டைப் பாண்டாக் மென்பொருளால் வேர்டு கோப்பாக மாற்றித் திருவல்லிக்கேணி அச்சுக் கடைக்கு எடுத்துச் செல்பவர்கள், நெடுவரிசைகளை | குறியால் பிரிக்கும் செங்குத்துக்கோட்டு அட்டவணையில் தலைப்பு வரிக்குக் கீழே இடும் சிறுகோடுகளை எண்ணிப் பார்ப்பது மிக அவசியம். இயல்பான அமைப்பில், அட்டவணையின் மார்க்டவுன் வரிகளில் ஒன்றேனும் 72 எழுத்தகலத்தைத் தாண்டினால், அட்டவணை பக்கத்தின் முழு அகலத்துக்கும் விரிந்து, அந்தச் சிறுகோடுகளின் விகிதப்படியே நெடுவரிசைகளுக்கு இடம் பங்கிடப்படுகிறது. நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் மழையளவை நான் அட்டவணையாக்கியபோது, எண்ணுக்கும் விளக்கத்துக்கும் சமமாகக் கோடிட்டதால், எண்ணுக்கு அருகே பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்க, விளக்கம் ஒடுங்கி நான்கைந்து வரிகளாக மடிந்து நின்றது. 5 கோடும் 25 கோடுமாக மாற்றியதும் சீராயிற்று. ஒரே கட்டத்துக்குள் பல பத்திகள் வேண்டுமானால் +, -, | குறிகளால் ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றிக் கோடிட்டு வரையும் கட்ட அட்டவணையே பொருத்தம். படத்தைத் தனிப் பத்தியில் வைத்து, சதுர அடைப்புக்குள் விளக்கம் எழுதினால், அதுவே படத்தின் தலைப்பாக அமையும்.