கையைத் தூக்கினால் தோள் பிடிக்கிறதா? ஒரு எலாஸ்டிக் பட்டையும் துண்டும் ஜன்னல் கம்பியும் போதும்

கொடியில் துணி காயப்போடக் கையைத் தூக்குகிறீர்கள். பாதி வழியில் சுளீரென்கிறது. இன்னும் மேலே போனால் விட்டுவிடுகிறது. பக்கவாட்டில் 60 முதல் 120 டிகிரிக்குள் இப்படி வலித்தால் அது ஷோல்டர் இம்பிஞ்ச்மெண்டாக இருக்கலாம். தோளின் எலும்புக் கூரைக்கு அடியில் போகும் தசைநாண் உரசுவதுதான் காரணம் என்று 1972ல் சார்லஸ் நீர் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். உரசல் மட்டுமல்ல, அந்த நாண் சுமை தாங்க முடியாமல் நொந்துபோவதும் காரணம் என்பது இன்றைய பார்வை. அதனால் கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக் கட்டி, அசையாமல் வைப்பது வேலைக்கு ஆகாது.

முதலில் ஒரு சோதனை. இன்னொருவர் தூக்கிவிட்டாலும் கை போகவில்லையா? அது ‘தோள் இறுக்கம்’ (ஃப்ரோசன் ஷோல்டர்) என்ற வேறு பிரச்சினையாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். கீழே விழுந்தபின் கை தூக்கவே வரவில்லை என்றாலும், நெஞ்சு இறுக்கத்தோடு தோள் வலித்தாலும் பயிற்சி வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

படி 1: நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் ஊசலாட்டுங்கள்.

படி 2: வலிக்கும் தோள் சுவர்ப் பக்கம் இருக்கும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி, புறங்கையால் சுவரைத் தள்ளுங்கள். 10 விநாடி, 5 முறை. கை நகரக் கூடாது.

படி 3: இதுதான் முக்கியம், அவசரப்படாதீர்கள். எலாஸ்டிக் பட்டையை ஜன்னல் கம்பியில் இடுப்பளவு உயரத்தில் கட்டுங்கள். நல்ல தோள் ஜன்னல் பக்கம் இருக்கட்டும். சுருட்டிய துண்டை வலிக்கும் பக்கத்து முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பட்டையின் மறுமுனையை அந்தக் கையில் பிடித்து, முழங்கையை மடக்கியபடியே வயிற்றின் மேலிருந்து கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். திரும்பி வரும்போது மூன்று எண்ணி மெதுவாக விடுங்கள். துண்டு விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று அர்த்தம். தோள் காது பக்கம் ஏறினால் பட்டை கனம் அதிகம். 10 முறை வீதம் 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

படி 4: இரண்டு வாரம் கழித்து, உள்ளங்கையில் துணி வைத்துச் சுவரில் மேலே தேய்த்தபடி கையை ஏற்றுங்கள்.

செய்யும்போது பத்துக்கு மூன்று அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலையிலும் கூடுதலாக வலித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். ஐஸா வெந்நீரா என்று எல்லோரும் கேட்பார்கள். எது இதமோ அது. ஆறு வாரத்தில் மாற்றம் தெரியத் தொடங்கும், பலருக்குப் பன்னிரண்டு வாரமும் ஆகும். ஒன்றுமே மாறாவிட்டால் பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்க்க வேண்டும்.

அப்புறம், இரவு. வலிக்கும் பக்கம் படுக்காதீர்கள். மறுபக்கம் ஒருக்களித்து, கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.